பருத்திமார்க் கரியும் பதினோரு புள்ளிகளும்

பரிபூரணம் அக்கா ராஜபாளையத்தில் ஒரு மில்லின் சாயக்கூடத்தில் லேப் வேலை பார்த்துக்கொண்டே, ஸ்ரீவில்லிபுத்தூரில் பேராசிரியர் ராஜரத்தினத்திடம் பகுதிநேர ஆய்வு மாணவியாகப் பதிந்திருந்தார். பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகளை, சுட்டு எடுத்த கரி அந்த மில்லின் சாயக் கழிவுத் தண்ணீரை எவ்வளவு தெளியவைக்கும் என்பதுதான் வேதியியல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வு. தகுதித் தேர்வு எழுதியாயிற்று. இரண்டு கட்டுரைகள் அச்சாகிவிட்டன. ஆய்வேடு நான்கு பிரதி தட்டச்சாகி, பைண்டிங் முடிந்து, பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. 1991 மார்ச்சில் மிச்சமிருந்தது பொது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கை வந்தது. ஆய்வேட்டை ஏற்கலாம், ஆனால் வரைபடத்தின் எழுபது புள்ளிகளில் பதினொன்று மட்டும் கோட்டுக்கு மேலே துள்ளி நிற்கின்றனவே, அந்தத் தண்ணீரில் மட்டும் கரி ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்தது? வாய்மொழித் தேர்வில் சரியான விளக்கம் வராவிட்டால் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும். அக்காவின் பதிவுக்காலமோ அந்த மாதக் கடைசியோடு தீருகிறது. தவறவிட்டால் ஆறு வருட உழைப்பும் போய் முதலிலிருந்து பதிய வேண்டும்.

"சாயத் தொட்டியில உப்பு கூடப் போட்டிருந்தா கரி சாயத்த நல்லா இழுக்கும். ஆனா மில் நோட்டுல எல்லா நாளும் ஒரே அளவுதான இருக்கு," என்றார் அக்கா. அதே ஆய்வகத்தில் அவருக்கு இளைய மாணவியான நான், கழுவிய பியூரெட் குழாயையே திரும்பக் கழுவினேன்.

தேர்வு நடப்பதை ஊரறிய அறிவிப்பாக ஒட்ட வேண்டும் என்பது விதி. கல்லூரிப் பலகையில் ஒன்றும் மில் வாசலில் ஒன்றும் அக்கா ஒட்டினார். நான் இப்போது வேலை பார்க்கும் நாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் கேட்பார்கள், அவ்வளவுதான்.

தேர்வன்று அந்தப் பதினோரு புள்ளிகளின் கேள்வி எழுந்த நேரத்தில் கதவு திறந்தது. சாயக்கூடத்து ஆட்கள் ஏழு பேர், நகக்கண்ணெல்லாம் நீலம். முன்னால் மேஸ்திரி சீனிச்சாமி.

"சாட்சிக்கு வந்திருக்கோம் சார். பொதுமக்களக் கூப்பிட்டு ஒட்டியிருந்துச்சு. நம்ம புள்ள ஆறு வருசமா பாட்டில்ல தண்ணி மோந்துட்டுப் போனத நாங்க பாத்திருக்கோம்."

"கோர்ட்டுன்னு நெனச்சு வெத்தலயத் துப்பிட்டு வந்திருக்காரு சார்," என்றார் பின்னாலிருந்த தவசிமுத்து.

சிரிப்பு அடங்கியதும், தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவர்களை உட்காரச் சொன்னார். அக்கா பலகையில் பதினோரு தேதிகளை எழுதினார். "எல்லாமே ஐப்பசி, கார்த்திகை மழையில எடுத்த தண்ணி. அதுக்கு மேல எனக்குக் காரணம் தெரியல சார்."

சீனிச்சாமி கையைத் தூக்கினார்.

"மழைல உப்பு நசநசன்னு கெடக்கும் சார். எடை போட்டா பாதி தண்ணிதான் நிக்கும், சாயம் புடிக்காது. அதனால தொட்டிக்கு நாலு சட்டி கூடப் போடுவோம்."

"நோட்டில் அப்படி இல்லையே?" என்றார் தேர்வாளர்.

"எழுதுனா அம்புட்டுக்கும் மேனேஜர் கேள்வி கேப்பாரு."

அக்கா சாக்பீஸோடு திரும்பினார். "ஈரத்தக் கழிச்சா எம்புட்டு அண்ணாச்சி கூடப் போகும்?"

"எப்படியும் பத்து கிலோ."

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் உப்புக்கு ஏற்ற திருத்த அட்டவணை இருந்தது. அதை வைத்து அங்கேயே கணக்குப் போட்டார். முதல் புள்ளி கோட்டில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவதும். ஐந்தாவது புள்ளிக்குத் தேர்வாளரே எழுந்து பலகைக்கு வந்துவிட்டார். பத்துப் புள்ளிகள் இறங்கிவிட்டன. பதினொன்றாவது அசையவில்லை.

"அது என்ன தேதி?" என்று எட்டிப் பார்த்தார் தவசிமுத்து. "தீவாளிக்கு மறுநாளு. அன்னைக்கு எவன் நிதானத்துல உப்பு போட்டான்?"

தேர்வாளரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அங்கேயே அறிவித்தார். ஒரே நிபந்தனை: இந்த விளக்கத்தையும், அதைச் சொன்னவர் பெயரையும் அடிக்குறிப்பாகச் சேர்த்து, திருத்தப் பக்கத்தை ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

சீனிச்சாமிக்கு முகம் வெளிறியது. "மில்லு பேரப் போட்டுராத தாயி. மேனேஜர் படிச்சாருன்னா என் சோலி முடிஞ்சுது."

"அவரு எங்கவே இதப் படிக்கப் போறாரு," என்றார் தவசிமுத்து.

அக்கா சாக்பீஸ் தூள் படிந்த கையோடு பேனாவைத் திறந்தார். "இனிஷியல் சொல்லுங்க அண்ணாச்சி."

சீனிச்சாமி சொன்னார். பிறகு எல்லோரையும் விலக்கிவிட்டு அக்காவின் தோளுக்கு மேலாகக் குனிந்து, தன் பெயரை எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.