பஸ் தரிப்பில் நின்றவர்கள்

இத்தாலியக் குடியுரிமை கிடைத்த பிறகு நான் போட்ட முதல் வாக்கு பஸ்ஸுக்காகத்தான். பலெர்மோவையும் சுற்றியுள்ள ஊர்களையும் இணைத்து பஸ்ஸும் ட்ராமும் ஓடவிட ஒரு புதுவரி. அதற்குச் சம்மதமா என்று சனத்திடம் கேட்டு வாக்கெடுப்பு வைத்தார்கள். நான் நகர நடுவிலுள்ள அல்பெர்கேரியாவிலிருந்து கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவுக்கு வீட்டுவேலைக்குப் போய்வருகிறவள். வேலை செய்த நேரத்தைவிட பஸ்ஸுக்கு நின்ற நேரம்தான் கூட என்று அலுத்துக்கொண்ட நாட்கள் பல. 'ஆம்' பக்கத்துக்காரர் வீடுவீடாகப் போக ஆள் தேடியபோது நானாகவே போய்ச் சேர்ந்தேன்.

"உமக்கேன் உந்த வேலை? வாக்கைப் போட்டிட்டு வாருமன்," என்றார் கணவர்.

"என்ரை ஒரு வாக்காலை பஸ் வராது," என்றேன்.

என்னோடு சேர்த்துவிட்டது ஒரு சிசிலிப் பெண்ணை. நகர பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். வாய் ஓயவே ஓயாது. எங்களுக்குக் கிடைத்த இடம் கடலோர ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு மேலே, மலையோடு ஒட்டிக் கட்டிய சில மாடி வீடுகள். அங்கே ஓடிய பஸ்ஸை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கடைசிவரை அதை ஓட்டியது தான்தான் என்று சாரதி வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆபிரிக்காவிலிருந்து சூட்டுக்காற்று வீசிய ஒரு மத்தியானம் அது. வானம் மஞ்சளாக இருந்தது. ஒவ்வொரு வாசலாக மணி அடித்தோம். ஒருவரும் பதில் தரவில்லை. கொடியில் உடுப்புகள் ஆடின, ஏதோ ஒரு வீட்டில் ரேடியோ பாடியது, ஆனால் ஆள் இல்லை.

கடைசிக் கட்டடத்தைத் தாண்டித் திரும்பியதும் கண்டோம். எல்லாரும் றோட்டோரம் நின்றார்கள். வயது போனவர்கள். அந்தச் சூட்டிலும் குளிர்கால மேலங்கி போட்டு, கையில் பையோடு, றோட்டையே பார்த்தபடி.

பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு மூதாட்டியிடம் நோட்டீஸை நீட்டினேன். வாசிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எங்கை போறதுக்கு நிக்கிறியள்?"

"பஸ்ஸுக்கு."

"இஞ்சை இப்ப பஸ் இல்லையே, சிஞ்ஞோரா," என்றார் சாரதி.

"வருது," என்றார் மூதாட்டி, அழுகிற குழந்தையைத் தேற்றுவதுபோல.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பிரேக் பிடித்துக் காற்று வெளியேறும் சத்தம். பிறகு மடிப்புக் கதவு திறக்கும் சத்தம். நின்றவர்கள் எல்லாரும் ஒன்றாக முன்னுக்கு வந்தார்கள். எங்களுக்கு முன்னால் வெறும் றோட்டும் புழுதியும்தான். கதவு மூடுகிற சத்தம் கேட்டதும் பழையபடி பின்னுக்குப் போனார்கள். யாராவது குறைந்திருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பயத்தில் எண்ணவில்லை.

சாரதியின் காரில் ஏறித் திரும்பினோம். கடற்கரைக்கு இறங்கிய பிறகுதான் கேட்டார். "உனக்கும் கேட்டதோ?"

"ஓம்."

"அது நான் ஓட்டின பஸ்ஸின்ரை கதவு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதை உடைச்சு இரும்புக்குப் போட்டிட்டினம்."

அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் வர மறுத்துவிட்டார். நான் ஒரு காலைநேரம் தனியாகப் போனேன். இந்தமுறை எல்லாக் கதவும் திறந்தது. தக்காளி கொதிக்கிற மணம், முழங்கால் வலி, பேரப்பிள்ளைகளின் படங்கள். வழக்கமான வீடுகள்தான். பச்சைத் தலைத்துணி மூதாட்டி கோப்பி ஊற்றித் தந்தார். மனத்துக்குள் உறுத்தியதைக் கேட்டுவிட்டேன்.

"ஏன் றோட்டிலை போய் நிக்கிறியள்?"

"நாங்கள் நிக்காட்டி அது நிக்காமல் போயிடும், பிள்ளை."

மேற்கொண்டு கேட்க எனக்குத் துணிவில்லை. வரியைப் பற்றியும் வாக்கைப் பற்றியும் விளங்கப்படுத்தினேன். கவனமாகக் கேட்டார். "புது பஸ் வந்தா உன்னைமாதிரி வேலைக்குப் போறவையும் ஏறலாமோ?"

"எல்லாரும் ஏறலாம்."

"அப்ப போடுறம்."

வாக்கெடுப்பு நாளில் மலையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக நடந்தே இறங்கினார்கள், அதே மேலங்கிகளோடு. வாக்குச்சாவடி வாசலில் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். மிகச் சொற்ப வாக்குகளால் நாங்கள் வென்றோம். சாரதி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

பஸ் ஓடத் தொடங்கியதும், லீவு நாளொன்றின் மத்தியானம் அதிலேயே ஏறி மேலே போனேன். பெருமையாகத்தான் இருந்தது. புதுத் தரிப்பில் அவர்கள் நின்றார்கள். பஸ் நின்றது, கதவு சத்தமில்லாமல் விலகியது. ஒருவரும் அசையவில்லை.

நான் கதவடிக்கு ஓடினேன். "பஸ் வந்திட்டுது! ஏறுங்கோ!"

பச்சைத் தலைத்துணி மூதாட்டி என்னை அடையாளம் கண்டு சிரித்தார். "இது உங்களுக்கு, பிள்ளை."

"ஒவ்வொரு நாளும் இதுதான் கதை," என்று சொல்லி ஓட்டுநர் கதவை மூடினார்.

இப்போது அந்த மாடிகளில் இளம் குடும்பங்கள் குடிவந்திருக்கின்றன. எங்கள் தமிழ் ஆட்களும் அந்த பஸ்ஸில் அங்கே வேலைக்குப் போகிறார்கள். கோயிலில் கண்ட ஒரு பெண், மத்தியானத்தில் றோட்டோரம் நிற்கிற அவர்கள் ஆர் என்று என்னிடம் கேட்டாள். "அங்கத்தைச் சனம்தான், நல்ல ஆக்கள்," என்றேன். காலை பஸ்ஸிலேயே போய், மத்தியானத்துக்கு முன்னம் திரும்பிவிடச் சொன்னேன்.