போகாத வீட்டுக்குப் போயாச்சு

பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா, ‘சவத்த விடும்வே’ன்னு எந்திரிச்சுப் போற ஆளு நான். இப்பவும் அப்படித்தான். இது பேயா என்னன்னு எனக்குத் தெரியல, நீரு நம்பினா நம்பும், சிரிச்சாலும் சரி, நடந்ததத்தான் சொல்லுதேன்.

எனக்கு பாளையங்கோட்டையில ஆபீஸ் வேலை. நாம என்ன வேலை பாத்தோம்னு கம்ப்யூட்டர் காலண்டர்ல தெரியணும் எங்க மேனேஜருக்கு. செய்யப் போற வேலைய முன்கூட்டிப் போட எவனுக்குவே நேரம் இருக்கு? செஞ்சு முடிச்ச பெறகு உக்காந்து, இந்த நேரம் இது முடிஞ்சுதுன்னு கட்டங் கட்டமாப் போட்டு பச்சை அடிச்சுருவோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொத்திக்கிட்டுது. கரண்டு பில் கட்டியாச்சு, முடி வெட்டியாச்சுன்னு போன்ல போட்டு பச்சையாக்குனாத்தான் எனக்குத் தூக்கமே வரும். கிறுக்குத்தனந்தான்.

எங்க அக்கா மாஞ்சோலையில தேயிலை கிள்ளுனவ. எஸ்டேட்ட மூடி எல்லாரும் மலைய விட்டு எறங்குனப்ப அவளும் எறங்கி, இப்ப தச்சநல்லூர்ல ஒரு வாடகை வீட்டுல ஒத்தையில கெடக்கா. அத்தான மலையிலதான் பொதைச்சிருக்கு, அவர அங்கன விட்டுட்டு வந்தது அவளுக்கு ஆறவே இல்ல. ஞாயித்துக்கெழம தோறும் வாறேன்க்கான்னு சொல்லி வச்சிருந்தேன். பைக்குல செத்த நேரந்தான். ஆனா போனா பேசுனதையே பேசுவா, அத்தான், மழை, அட்டைக்கடி.

அந்த ஞாயிறு பிரியாணியத் தின்னுட்டுப் படுத்தவன், முழிச்சுப் பாத்தா பொழுது சாஞ்சு மழை வேற. போகலையேன்னு மனசு குத்துச்சு. ஒரு போனாவது போட்டிருக்கலாம்லா? போடல, மூதி. காலண்டர எடுத்து, அன்னைக்குச் சாயங்காலத்துல ‘அக்கா வீடு, போயாச்சு’ன்னு போட்டு பச்சை அடிச்சுட்டேன்.

மறுநா காலையில அக்கா போன்.

“ஏலே, நேத்து மழையில நனையாமப் போய்ச் சேந்தியா?”

“நேத்தா? நான் எங்கக்கா வந்தேன்?”

“வெளையாடாதலே. அவரு கதையச் சொல்லச் சொல்ல எங் கையப் புடிச்சுக்கிட்டு அழுதியே. ராத்திரி நல்லாத் தூங்குனேம்லே.”

அக்காவுக்கு என்னமோ ஆயிட்டுன்னு பயந்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரி போன வாங்கி, “எங்க வாசல்ல நின்னுதான தம்பி மழைக்கோட்ட மாட்டுனீங்க”ங்கா. எங்கிட்ட மழைக்கோட்டே கெடயாதுவே. பொண்டாட்டியக் கேட்டா, “நீங்கதான் இங்கன குறட்டை விட்டுக்கிட்டுக் கெடந்தீங்களே”ங்கா.

நான் வரலக்கான்னு சொல்லிருக்கணும். எப்படிவே சொல்ல? மலைய விட்டு வந்ததுல இருந்து தூங்காதவ தூங்கிருக்கா. “ஆமாக்கா, நனையல”ன்னு சொல்லிட்டேன். அந்தப் பச்சைக் கட்டத்த அழிக்கவும் கை வரல. அழிச்சா அந்தச் சாயங்காலமே அவளுக்கு இல்லாமப் போயிருமோன்னு ஒரு பயம்.

அதுல இருந்து ஞாயிறு தவறாமப் போறேன். மெய்யாவே போறேன். காப்பி போட்டுத் தருவா, அத்தான் கதையச் சொல்லுவா, நானும் ம்ம், ம்ம்னு கேப்பேன். போன வாரம் பாதியில நிறுத்திட்டா. எம் மொகத்தையே செத்த நேரம் பாத்தா. பெறகு பைய, “அன்னைக்கு வந்தியே, அப்படி இன்னொரு நாளு வாலே”ன்னா.

நான் அவளுக்கு எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தேன்.