கழுத்தில் ஒரு சாவி

எங்கள் தெருவில் பகல் நேரத்தில் ஒரு வீட்டில் பூட்டுத் தொங்கினால், அந்த வீட்டார் சாவுக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். அதனால் சித்தி மாத்திரை கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், போவோர் வருவோரெல்லாம் பக்கத்து வாசலில் நின்ற அம்மாவிடம் துக்கம் விசாரித்தார்கள். "யாரும் சாவல. அவ கம்பெனிக்குப் போயிருக்கா" என்று சாணம் ஒட்டிய கையோடு சொல்லிச் சொல்லி அம்மா அலுத்துப்போனாள்.

வில்லியனூரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் எங்கள் ஊர். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை அப்பாவும் சித்தப்பாவும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் இரண்டு, அடிபம்பு ஒன்று. அப்பா அரிசி மில்லில் மெஷின் பார்த்தார். சித்தப்பா லாரி ஓட்டினார். சித்தி வேலைக்குப் போகும்வரை இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிதான் சாப்பிட்டோம். மாதக் கடைசியில் ஒரே மாதிரிதான் மளிகைப் பாக்கி வைத்திருந்த பாய் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் நடந்தோம்.

பிறகு அவர்கள் வீட்டில் டிவி வந்தது. மிக்சி வந்தது. சித்தப்பா மகளுக்கு மூடி வைத்த தண்ணீர் பாட்டில் வந்தது. இவற்றையெல்லாம் நான் ஒருவாறு பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவள் கழுத்தில் தொங்கிய சாவி.

என்னைவிட ஒரு வகுப்பு கீழே படித்தவள் அவள். கறுப்புக் கயிற்றில் கோத்த வீட்டுச் சாவியை யூனிபார்முக்குள் போட்டிருப்பாள். பள்ளி விட்டதும் வெளியே எடுத்து, ஆட்டிக்கொண்டே தெருவில் நடப்பாள். ஒரு வீட்டையே தனக்கென்று திறந்து மூடுகிற பெண் எங்கள் பள்ளியில் அவள் ஒருத்திதான். மற்ற பிள்ளைகள் ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கெஞ்சுவார்கள். நான் கெஞ்சவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், நம் வீட்டுக்கும் பூட்டு வாங்கு என்று நச்சரித்தேன்.

"நான் வூட்டுலயே கெடக்கறன். என்னிய உள்ள வெச்சாடி பூட்டப் போற?" என்றாள் அம்மா.

சாவி வைத்திருந்தவள் தன் வீட்டில் இருந்தாளா என்றால், அதுவும் இல்லை. திறந்து பையை எறிவாள், ஐந்து நிமிஷம் டிவியைப் போடுவாள், பிறகு அணைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். "பெரிம்மா, இன்னா பண்ணியிருக்கீங்க?" என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துகொள்வாள். அம்மா எனக்கு வைத்திருக்கும் கருவாட்டுக் குழம்பில் பாதி அவள் தட்டுக்குப் போகும். சாப்பிட்டதும் அம்மாவின் முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்து தலையைக் கொடுப்பாள். அவளுக்குப் பேன் பார்த்து, பின்னி முடித்த பிறகுதான் என் முறை. அதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் வந்துவிடும். அவளுக்கு ஒரு சாவியும் இரண்டு அம்மாக்களும். எனக்கு அரை அம்மா மட்டும். என் கணக்கு அப்படித்தான் இருந்தது.

அம்மாவுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும்போது மாட்டைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, சித்தியின் இஸ்திரி போட்ட புடவையையும் தோள் பையையும் வேன் திரும்பும்வரை பார்ப்பாள். அந்த வருஷம் மழையில் எங்கள் பக்கத்துக் கூரை ஒழுகியது. என்னை வில்லியனூரில் இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற பேச்சும் வந்தது.

"ஒத்த சம்பளத்துல இன்னாத்த பண்றது?" என்றாள் அம்மா, அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே.

"எங்கப்பா ஒத்த ஆளா நின்னு ஒம்போது பேரக் காப்பாத்துனாரு."

"அப்ப கழனி இருந்துச்சி. அரிசி வூட்டுல இருந்துச்சி. ஒங்க தங்கச்சி கல்யாணத்துக்குக் கழனி போச்சி. இப்ப அரிசி பாய் கடையில இருக்குது."

அப்பா குழம்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

கம்பெனியில் ஆள் எடுக்கும் செய்தி அம்மாவுக்கு ரேஷன் கடை வரிசையில் கிடைத்தது. அதே வேனில் போகும் பக்கத்துத் தெருக்காரி, "உன் கொழுந்தனார் பொண்டாட்டி சொல்லலியா? லேபிள் ஒட்டறதுக்கு ஆள் வேணும்னு வாரமா கேட்டுகினே இருக்காங்களே" என்றாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மா சர்க்கரையை வாங்க மறந்து, பாதி வழியில் திரும்பிப்போய் வாங்கினாள்.

அன்று மாலை அடிபம்பில் சித்தி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆள் எடுக்கறாங்களாமே" என்றாள் அம்மா.

"அது நாளெல்லாம் நின்னுகினே செய்யற வேலக்கா. ஒங்க காலு தாங்காது."

"இங்க மட்டும் எனக்கு இன்னா, சேர் போட்டா உக்கார வெச்சிருக்காங்க?"

"மாட்ட யாரு பாப்பாங்க?"

"வித்துட்டா போச்சி."

"அப்ப..." என்ற சித்தி, பம்பு அடிப்பதை நிறுத்தினாள். எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த தன் மகளைப் பார்த்தாள். பிறகு நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"நாம மேல வந்துடுவமேன்னு வயித்தெரிச்சல்" என்றாள் அம்மா, அவள் காதில் விழும்படி. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வயிற்றெரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். வாடகை, தண்ணீர் கேன், பள்ளி என்று பணத்துக்கு வரும் வழியைவிடப் போகும் வழி அகலம். சம்பளம் வந்ததும் முதலில் எடுத்துவைப்பது, நாங்கள் திரும்பும்வரை மகளை வைத்துக்கொள்கிற டியூஷன் அக்காவுக்கு. அந்த அக்கா ஒருநாள் லீவு என்றால் எங்கள் இருவரில் ஒருவருக்கும் லீவு. அம்மாவுக்கு யாரும் அப்படி எதுவும் எடுத்துவைத்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

அப்போது அம்மாவுக்கு அந்த லேபிள் ஒட்டும் வேலை கிடைத்தது. மாட்டை விற்றுக் கூரையைச் சரிசெய்தார்கள். வீட்டுக்குப் பாக்கெட் பால் வந்தது. மாவும் கடையிலிருந்து வந்தது. சில மாதம் கழித்து அப்பா, "சம்பளம் ரெண்டு வருது. மாசக் கடைசி மட்டும் அதே எடத்துலயே நிக்குதே" என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதெல்லாம் பிறகு. வேனில் ஏறிய முதல் நாள் காலை அம்மா புதுப் பூட்டின் சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டாள்.

"ரெண்டு தட்டு மூடி வெச்சிருக்கன். அவளக் கூப்புட்டுச் சாப்பிடு. சண்ட போடாத."

அன்று பாடம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. மணி அடித்ததும், எல்லோரும் பார்க்கும்படி சாவியைச் சட்டைக்கு வெளியே விட்டுக்கொண்டு ஓடிவந்தேன். சித்தப்பா மகள் அன்று தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வாசலுக்கே வந்து நின்றாள். பூட்டைப் பார்த்தாள்.

"பெரிம்மா எங்க?"

"கம்பெனிக்கு" என்றேன், சாவியை அவள் முகத்துக்கு நேராக ஆட்டி.

புதுப் பூட்டு எனக்குத் திறக்கவில்லை. திருப்பித் திருப்பி விரல் சிவந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "மேல தூக்கிப் புடிச்சித் திருப்புக்கா" என்றாள். திறந்துகொண்டது.

உள்ளே அடுப்பு அணைந்து கிடந்தது. தட்டுகளைச் சுற்றி எறும்பு. சோறு ஆறி விறைத்திருந்தது. அவள் அடுப்படிவரை வந்தாள், அம்மா உட்காரும் பலகையைப் பார்த்தாள்.

"எப்ப வருவாங்க?"

"ஒங்கம்மா வர்ற வேன்லதான். சாப்புடு."

"பசிக்கல."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பக்கத்தில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஓடியது. இந்தமுறை அதை அவள் அணைக்கவில்லை. நான் இரண்டு தட்டுச் சோற்றையும் ஒருத்தியாகச் சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து அவள் தன் சாவியை வெளியே எடுத்து ஆட்டவில்லை. யார் கேட்டாலும் யூனிபார்முக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். எனக்கும் சாவி வந்துவிட்டதை அவளால் தாங்க முடியவில்லை என்று நினைத்தேன். நெடுநாள்வரை அந்த நினைப்பு எனக்கு இனித்தது.