சந்தனம் பூசுன எடைக்கல்லு

நான் பள்ளிக்கூடத்துக்குள்ள போனதெல்லாம் ஓட்டுப் போடத்தானுங்க. ஆனா ஏற்காட்டுல மெளகு வாங்கி விக்கற கட வெச்சு, தராசு புடிச்சே பொழச்சவன். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் எடைக்கல்லுக்குச் சந்தனம் அப்பி குங்குமம் வெப்பேன். தொடைக்க மாட்டேன். சாமிப் பொட்ட அழிச்சா யாவாரம் படுத்துருமுன்னு பயம். பழசு மேல புதுசு, வருசா வருசம். கல்லும் என்னையாட்டமே தொப்ப போட்டுருச்சு.

எடைக்கல்லுக்கு முத்திர போடற ஆபீசர் மல ஏறி வர்றாருன்னாலே கடையச் சாத்திட்டு ஓடிருவேன். அந்த வருசம் ஓட முடியல. மாரமங்கலத்துல இருந்து ஒரு அம்மா மெளகு மூட்டையோட வந்து உக்காந்திருந்துச்சு. அது எனக்கு மெளகு போட்டாத்தான் அந்த ஊரே எனக்குப் போடும்.

ஆபீசர் மரப்பொட்டியத் தொறந்தாரு. உள்ள வெல்வெட்டு மெத்தையில பித்தளக் கல்லுங்க. துணியச் சுத்தித்தான் எடுத்தாரு.

"ஏனுங்க, சுடுங்களா?"

"கை வேர்வ பட்டா எட மாறும்."

எனக்கு வாயே மூடல. இது சேலத்துக் கல்லுக்குச் சமம், அது மெட்ராசுக் கல்லுக்கு, அது டெல்லிக் கல்லுக்குன்னு சொல்லிக்கிட்டே போனாரு. டெல்லியே என்ற கடைக்குள்ள வந்து குந்துனாப்பல இருந்துச்சு.

அவரு கிலோ ஒரு தட்டுல, என்ற கிலோ ஒரு தட்டுல. என்றது கீழ போயிருச்சு. சந்தனத்தச் சொரண்டச் சொன்னாரு. சொரண்டி வெச்சா, முள்ளு நடுவுல அசையாம நிக்குது! நொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். அப்பறம் சொரண்டுன பொடிய ஒரு தட்டுலயும், அந்தம்மா மெளக மறு தட்டுலயும் போட்டாரு. அரப்பிடி மெளகு ஏறுச்சு.

"கிலோவுக்கு இத்தன சாஸ்தி வாங்கிருக்கீங்க."

"சாமியக் கூட்டு வெச்சுத் திருடிருக்கீங்களேங்க!"ன்னுச்சு அந்தம்மா.

"நான் மடையனுங்கம்மா, திருடனில்ல."

"அது தெரியுமுங்க. திருடற அளவுக்கு உங்களுக்குப் புத்தியேது?"

ஆபீசரு கல்லுக்கு அடியில இருந்த ஈயத்துல டக்குனு முத்திர அடிச்சாரு. அந்தம்மா அந்த அரப்பிடி மெளக முந்தானையில முடிஞ்சுக்கிச்சு.

"எதுக்குங்க அது?"

"ஊருல காட்டோணுமுல்ல."

அந்தம்மா முத்திர போட்ட கல்ல எடுத்து, திருப்பித் திருப்பித் தடவிப் பாத்து, தானே தட்டுல வெச்சுச்சு. நான் மறு தட்டுல மெளக அள்ளிப் போட்டேன். முள்ளு ஆடி ஆடி நடுவுல நின்னுச்சு. அந்தம்மா கண்ண எடுக்காமப் பாத்துச்சு.

"இதையும் ஊருல சொல்றேனுங்க. சாக்குல கொட்டுங்க."