மணலென்று நினைத்து மாவில் இறங்கினோம்

காற்று படியவைத்த மண்ணை ஒரு போத்தலில் கொண்டுவரும்படி புவியியல் மிஸ் சொன்னார். அதற்காகத்தான் இன்று, வெள்ளிக்கிழமை, அப்பாவும் நானும் குவைத்தின் மேற்குப் பாலைவனத்துக்குப் போனோம். அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள், தோண்டிய கை இன்னும் வலிக்கிறது.

அப்பாசியாவிலிருந்து காலை 5.40க்குக் கிளம்பினோம். சால்மி வீதியால் 84 கிலோமீட்டர். பெட்ரோல் இரண்டு தினார். வண்டி அப்பாவின் கம்பனி பிக்கப். அதைச் சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. எடுத்த ஒருவரைப் போன மாதம்தான் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கெஞ்சியதால் அப்பா எடுத்தார்.

7.10க்கு வீதியை விட்டு இறங்கினோம். மேட்டில் எல்லாம் பருமணல். காற்று அதைக் கொஞ்ச தூரம் தத்தவைத்து விட்டுவிடும். நுண்ணிய தூளைத்தான் தூக்கிக்கொண்டு போகும். தான் தளரும் பள்ளங்களில் அதைப் போடும். அப்படி ஒரு பள்ளம் சிமெந்துத் தரைபோல மட்டமாகக் கிடந்தது.

"இதுதானப்பா!"

"நல்ல இறுக்கமாக் கிடக்கு. கிட்டப் போவம்."

வண்டி ஏறியதும் மேல் ஓடு உடைந்தது. நான்கு சில்லுகளும் பாதி டயருக்கு மேல் புதைந்தன. அப்பா கடற்கரை ஊர்க்காரர்; ஈர மணலில் சைக்கிள் ஓடியவர். இருந்த பத்து லீட்டர் குடிதண்ணீரையும் சில்லுகளுக்கடியில் ஊற்றினார். மணல் என்றால் இறுகியிருக்கும். இது களியாகி, வண்டி இன்னும் இறங்கியது.

இரண்டு மணித்தியாலம் கையால் தோண்டினோம். பிறகு ஆடு மேய்க்கும் பங்களாதேஷ்காரர் ஒருவர் வந்து பார்த்துச் சிரித்தார்.

"பானி டாலா, பாய்? யே ரேத் நஹி, ஆட்டா ஹை!"

"என்னப்பா சொல்லுறார்?"

"இது மணல் இல்லையாம், மாவாம். நான் ரொட்டிக்குக் குழைச்சுப்போட்டனாம்."

அவர் எங்களுக்குத் தண்ணீர் தந்தார். தன் கூடாரத்துக் கம்பளங்களைச் சில்லுகளுக்கடியில் விரித்தார், டயர்களில் பாதிக் காற்றை இறக்கினார். 11.50க்கு வெளியே வந்தோம்.

அப்பா வண்டியை மூன்று முறை கழுவினார். தூள் போய்விட்டது. மீட்டரில் கூடிய 168 கிலோமீட்டர் போகாது. நாளை காலை ஐந்து மணிக்குக் கம்பனி ஃபோர்மன் மீட்டரைப் பார்த்து எழுதுவார். "சில நாள் அவன் பாக்கிறேல்லை. நீ படு," என்றார் அப்பா. அவர் இன்னும் படுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: மட்டமாக, வெளிறிக் கிடக்கும் பள்ளத்தில் முதலில் நடந்து பாருங்கள். கால் புதைந்தால் வண்டியை இறக்காதீர்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், குடிக்க வைத்திருங்கள்.

இன்னொன்று. படுக்க வருமுன் சமையலறை ஜன்னலைச் சாத்தினேன். விளிம்பில் போன வாரப் புழுதிக்காற்று விட்டுப்போன தூள். விரலால் தேய்த்துப் பார்த்தேன். அதே மா. ஒரு போத்தலை நிரப்பக் காணும். மூன்றாம் மாடிக்கு அது தானாகவே வந்து கிடந்திருக்கிறது. நாங்கள் போயிருக்கவே வேண்டாம்.