நேசபாயின் இடது கண்

முட்டம் போகிற சாலையோரத்துச் சிறிய சபையில் 1931-இல் பெரிய பக்தை யார் என்று கேட்டால், எல்லாரும் நேசபாயைத்தான் காட்டுவார்கள். உபதேசியார் ஞானையன் பிரசங்கத்தில் பாவத்தைத் தொட்டதும் அவளுடைய இடது கண் ஒழுகத் தொடங்கும். அவர் சபை அறிவிப்பு வாசித்தாலும் ஒழுகும். அதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

நேசபாய் பொய்க்காரி அல்ல. ஆரம்பத்திலேயே அவரிடம் போய்ச் சொன்னாள்: "இது அழுகை இல்ல உபதேசியாரே, கண்ணுல கேடாக்கும்."

மறு ஞாயிறு, தாழ்மை என்றால் என்ன என்பதற்கு அவர் அதையே உதாரணம் காட்டினார். பிறகு அவள் மறுக்க மறுக்க மதிப்புதான் கூடியது. உண்மையைச் சொல்லித் தப்பிக்க இருந்த வழியும் அடைந்துபோயிற்று. சாவு விழுந்த துட்டி வீடுகளில் அவளை முன்னால் உட்கார வைத்தார்கள். அவள் சிரித்தால் ஜனங்கள் சங்கடப்பட்டார்கள். ஆகவே சிரிப்பையும் விட்டாள்.

மிஷன் பங்களாவுக்கு ரேந்தை என்கிற லேஸ் பின்னிக் கொடுப்பது அவளுக்குப் பிழைப்பு. ஒரு நாள் நூல் கலங்கித் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையோரத்தை அமுக்கிப் பார்த்தார். கண்ணீர் இறங்குகிற வழி அடைத்துச் சீழ் கட்டியிருக்கிறது, திறந்துவிட்டால் ஒழுகாது, விட்டுவிட்டால் கண் போய்விடும் என்றார்.

அன்றே அறுவைக்குப் படுத்திருப்பாள். ஆனால் மகள் பூங்கனிக்கு வாத்தியார் செல்வதாஸைப் பேசியிருந்தது. அந்தச் சம்பந்தத்துக்குச் சிபாரிசு பெண்ணின் படிப்பல்ல, தாயின் கண்ணீர். மாப்பிள்ளையின் அம்மா ராகேல், விளைச்சலைச் சபையில் படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு நேரில் பார்க்க வருவதாக இருந்தது.

"கல்யாணம் கழியட்டும் அம்மா, பெறவு பாக்கலாம்" என்றாள் பூங்கனி.

"பெறவு பாக்கதுக்குக் கண்ணு வேணும்லா ஏட்டி."

நேசபாய் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பண்டிகையன்று உலர்ந்த கண்ணோடு உட்கார்ந்தாள். உபதேசியார் அவளைப் பார்த்துப் பார்த்துப் பிரசங்கத்தை நீட்டினார். பூசணிக்காயும் நெற்கதிரும் வாடியதுதான் மிச்சம். ராகேல் கண்ணெடுக்காமல் கவனித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் நேசபாய் ராகேலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தாள்.

ராகேல் பெருமூச்சு விட்டாள். "நல்ல காலம் மைனி. ஓயாம அழுவுத ஆளுகூட எப்பிடி ஒறவாடப் போறோம்னு நான் பயந்துல்லா கெடந்தேன்."

நேசபாய்க்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அது பாதி வருவதற்குள் ராகேல் அவள் கையைப் பிடித்தாள்.

"ஆனா வெளிய சொல்லிராதீங்கோ. ஒங்க கண்ணீரச் சொல்லித்தான் இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு நின்ன எங்க அண்ணன வழிக்குக் கொண்டு வந்தேன். கல்யாணத்தன்னைக்கு மட்டும் கொஞ்சம் அழுதுருங்கோ."

அதுவரை யாரையும் ஏமாற்றாதவள் கல்யாணத்துக்குக் கைலேஞ்சித் துணியில் நறுக்கிய வெங்காயத்தை முடிந்துகொண்டு போனாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்வரிசையில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கைலேஞ்சியை முகத்துக்குக் கொண்டுபோனாள். கண்கள் எரிந்து கொட்டின. பூங்கனி முகத்திரையை விலக்கி அம்மாவைத் தேடினாள். நேசபாயும் மகளைத்தான் பார்த்தாள். வெள்ளையாக ஏதோ அசைவது தெரிந்தது, முகம் தெரியவில்லை.