டம்ளரில் இரண்டு பிரஷ்

கணக்கெடுக்க யார் வீட்டுக்குப் போனாலும் அக்கா முதலில் கை கழுவ வேண்டும் என்பாள். சுத்தக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் எண்ணியது பல் துலக்கும் பிரஷ்களை. வீட்டுக்காரர் வாசலில் நின்று நாலு பேர் என்று சொல்லியிருப்பார். உள்ளே குழாயடி டம்ளரில் ஏழு பிரஷ் நிற்கும். "மிச்ச மூணு பேரும் வேலைக்குப் போயிருக்காங்களா?" என்று கையைத் துடைத்தபடி சாதாரணமாகக் கேட்பாள். அவர் அசடு வழிவார்.

சலவைக் கடையில் இஸ்திரி போடுவதுதான் அவளுக்கு நிரந்தர வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரும்போது மட்டும் லீவு போட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எட்டு லட்சம் பேர் வாழும் வட்டாரம் எங்களுடையது. ஒரே மாடிப்படியில் ஆறு மொழி கேட்கும். "நேத்து ராத்திரி இங்கே எத்தனை பேர் தூங்கினீங்க?" என்ற ஒரே கேள்வியைப் பதினொரு மொழிகளில் மனப்பாடம் செய்திருந்தாள். பதில் புரியாது. விரல்களைப் பார்த்துக்கொள்வாள்.

தெருவில் அவளுக்கு 'ஆளெண்ணி' என்று பெயர்.

"ஆளெண்ணி வருது, ஒளியறவங்க ஒளிஞ்சுக்கோங்க" என்பார் முனைக்கடை முடிதிருத்துபவர்.

"உன் கடை நாற்காலியில தூங்குறவனையும் சேத்து எழுதியாச்சு. நீ உன் வேலையைப் பாரு" என்பாள் அக்கா.

அவள் நிரப்பும் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. வட்டார அலுவலகத்தில் பதினேழு வருடமாக அதைத்தான் செய்கிறேன். இந்த முறை அவள் தன் வீட்டுக்கு எழுதிய படிவத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று அவள். இன்னொன்று அவள் மகன்.

அவன் வீட்டைவிட்டுப் போய்ப் பத்து வருடமாகிறது. ஆறடி வளர்ந்த பிறகும் எங்களுக்கு அவன் வாண்டுதான். அத்தான் இறந்தபின் அக்கா இரண்டு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. "ஊர் பூரா எத்தனை பேர்னு கேக்கற. இந்த வீட்ல ஒருத்தன் இருக்கறது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனவன், திரும்பவில்லை.

ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில் இல்லாதவரை எழுதக் கூடாது என்பது விதி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். அவன் பெயரை நான் ஒரே கோட்டில் அடித்தேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் எழுதியவர் கையெழுத்து வேண்டும். எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஆபீசரா வந்தியா, தம்பியா வந்தியா?"

"ஆபீசராத்தான்க்கா."

"அப்ப உக்காராத."

நின்றபடியே காட்டினேன். கையெழுத்தைப் போட்டாள். பேனாவை மூடிவிட்டு, "இப்பத் தம்பியா உக்காரு. டீ போடறேன்" என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஆறு மாசம்னு எவன்டா வெச்சான்?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் வட்டாரத்தின் மறுகோடியிலிருந்து ஒரு கட்டு என் மேசைக்கு வந்தது. ரொட்டிக்கடைக்கு மேலே ஓர் அறை, ஐந்து பேர். ஐந்தாவது வரியில் வாண்டு இருந்தான். முழுப்பெயர், பிறந்த தேதி. இரவு வேலை, அடுப்படி. வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற இடத்தில், 'உறவில்லை'. அக்கா வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம்.

ஒருவர் படிவத்தில் இருப்பதை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டோம் என்று நாங்கள் உறுதிமொழி எடுத்தவர்கள். அன்று மாலை யாரோ கேட்ட மாதிரி அக்காவிடம் கேட்டேன். "தேடுற ஆளு ஒருத்தரோட படிவத்துல கிடைச்சா, தேடுறவங்களுக்குச் சொல்லலாமாக்கா?"

"சொல்லக் கூடாது" என்றாள், பையை அடுக்கிக்கொண்டே. "நம்மள நம்பித்தானடா கதவத் தெறக்கறாங்க. யாரா இருந்தாலும் சொல்லக் கூடாது."

முப்பதாம் தேதி கணக்கெடுப்பு முடிகிறது, அதற்குப் பிறகு எப்படியாவது சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டாம் தேதி, ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடிப்படியில் அக்கா உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர்.

அன்றே ரொட்டிக்கடைக்குப் போனேன். தூக்கக் கலக்கத்தோடு வாண்டுதான் கதவைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் முகம் விழித்துக்கொண்டது.

"அம்மா அனுப்பினாங்களா மாமா?"

சொன்னேன். அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கணக்கெடுக்க வராங்கன்னு கீழ சொன்னாங்க. அம்மாதான்னு நெனச்சுச் சட்டையை மாத்திக்கிட்டு நின்னேன். வேற யாரோ வந்தாங்க. சரி, படிவம் எப்படியும் உங்க ஆபீசுக்குத்தானே வரும், அம்மா காதுக்குப் போயிடும்னு முழுப்பேரும் எழுதச் சொன்னேன். போய்ச் சேரலையா மாமா?"

நான் தலையசைத்தேன். ஆமென்றா, இல்லையென்றா, எனக்கே தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் வீட்டைப் பூட்ட இருவரும் போனோம். முகம் கழுவப் போனவன் நெடுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். குழாயடி டம்ளரில் இரண்டு பிரஷ். ஒன்று தேய்ந்தது. இன்னொன்று பச்சை, புத்தம்புதியது. மூடி கழற்றவில்லை. இதைத்தான் மாதாமாதம் மாற்றி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. குப்பைக்கூடையில் அதே பச்சையில், மூடி கழற்றாத பழசு ஒன்றும் கிடந்தது.

"அம்மா தனியாத்தானே மாமா இருந்தாங்க?" என்றான் வாண்டு. "இது யாரோடது?"

அவன் பெயரை அடித்த பேனா என் சட்டைப்பையில் இருந்தது. குழாயை மூடிவிட்டு வந்தேன்.